தண்ணீர்விட்டான்

மாதத்தின் முதல் செவ்வாய், விடிவதற்கு முன்னால்
ஃபோர்த்துனாத்தா
எஃகு நாடாவின் கடைசி மூன்று மீட்டருக்குச்
சுண்ணக்கட்டி தேய்க்கிறாள்.
கிணறு எண் பதினொன்று.
நாடா இறங்குகிறது, இறங்குகிறது,
கை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இறங்குகிறது.
மேலே இழுத்துப் பார்த்தால்
வெள்ளை கரைந்த இடம்தான் தண்ணீர்.
அதை ஏட்டில் எழுத வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

சேர்ந்த வருஷம் முப்பத்தொன்று.
மகன் பிறந்தபோது நாற்பத்து நாலு.
அவனுக்குப் பல் விழுந்து முளைத்தபோது அறுபத்தேழு.
அவள் நாள்காட்டி
கீழ்நோக்கித்தான் கிழிகிறது.

பெரு நாட்டில் இக்கா.
மழை இங்கே வதந்தி.
அந்த மணலில்
கண்ணுக்கு எட்டியவரை ஆஸ்பரகஸ்,
சொட்டுக்குழாயைச் சப்பிக்கொண்டு.
நேற்று விரல்கடை, இன்று சாண்.
ஒருநாள் விட்டால் முற்றிவிடும்
என்பதால் ஞாயிறும் அறுப்பு.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன்
எங்கள் பக்கத்து முட்காட்டில் படர்ந்து கிடப்பான்.
தமிழில் அவன் பெயர் தண்ணீர்விட்டான்.
யாருக்கு விட்டான்
யாருக்கு விடாமல் இருந்தான் என்று
பெயர் வைத்தவர் சொல்லவில்லை.

குளிர்க்கூடத்தில் தெமேத்ரியா உச்சுயா
ஒவ்வொரு தண்டையும்
பதினேழு சென்டிமீட்டருக்கு நறுக்கி
ரப்பர் வளையம் மாட்டுகிறாள்.
அவளுக்கே ஒரு கிணறு இருந்தது,
கையால் தோண்டியது, நாற்பத்தைந்து மீட்டர்,
மொச்சைக்குப் போதும்.
பக்கத்தில் கம்பெனி நூற்றுமுப்பதுக்குத் துளை போட்டது.
அடுத்த கோடையில் அவள் வாளி
மண் மொண்டு வந்தது.
வாளியை விற்கவில்லை.
லாரித் தண்ணீர் வரும் நாளில்
அதில் துணி ஊறப் போடுகிறாள்.

இரவில் பெட்டிகள் லீமாவுக்கு, அங்கிருந்து வானத்துக்கு.
நூறு கிராமில் தொண்ணூற்று மூன்று தண்ணீர்.
தண்ணீருக்கு விசா கேட்பதில்லை.
எங்கோ பனி பெய்கிற ஊரில்
வெண்ணெய் உருகும் ஒரு தட்டில்
இந்தப் பாலை போய் இறங்குகிறது.
ஃபோர்த்துனாத்தா ஒருமுறை வேகவைத்துத் தின்று பார்த்தாள்.
புல்.
உப்புப் போட்டாள்.
உப்புப் போட்ட புல்.

அவள் சாப்பாடு
பேருந்துக் கூரையில் ஏறி மலையிலிருந்து வருகிறது,
அண்ணன் சத்துர்னினோ கட்டி அனுப்பும் மூட்டை.
சூன்யோ:
உறைபனியில் பரப்பி,
வெறுங்காலால் மிதித்து மிதித்து
ஈரத்தை விரட்டிய உருளைக்கிழங்கு.
நெட்டி மாதிரிக் கனமில்லை.
வருஷக்கணக்கில் கெடாது.
தண்ணீரை ஊரிலேயே விட்டுவிட்டு வரும் கிழங்கு.

மூட்டைக்குள் ஒரு சீட்டு:
"ஏரியை வாய்க்கால் வெட்டி
உங்கள் பக்கம்தான் திருப்பியிருக்கிறார்கள்.
வந்து சேர்ந்ததா?
இங்கே சதுப்பு காய்ந்துவிட்டது.
அல்பாக்காவில் பதினாலை விற்றேன்.
பையனுக்கு இருமல் நின்றதா?"

இந்தச் செவ்வாய்
எண்பது மீட்டர் நாடாவும் இறங்கி முடிந்து
கைப்பிடி கிணற்று வாயில் முட்டியது.
இழுத்தாள்.
கடைசி மூன்று மீட்டரும்
தேய்த்தபடியே வெள்ளை.

மேற்பார்வையாளர் எராக்ளியோ
தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"எழுபத்தொன்பது போடு.
வியாழக்கிழமை புது நாடா வருகிறது,
நூற்றைம்பது மீட்டர்."

அவள் சண்டைக்காரி இல்லை.
தையல் மெஷினுக்கு மூன்று தவணை பாக்கி.
பேனாவைக் காதிலிருந்து எடுத்தாள்,
கட்டத்துக்குள் எண் எழுதும் இடத்தில்
'தொடவில்லை' என்று எழுதினாள்.
கொஞ்சம் பெரிய எழுத்தாகிவிட்டது,
அடுத்த மாதத்துக் கட்டத்திலும் ஏறிவிட்டது.

வீட்டில்
நீலப் பீப்பாயிலிருந்து மூன்று டம்ளர் எண்ணி ஊற்றி
சூன்யோவை ஊறப் போட்டாள்.
அது இரவெல்லாம் குடிக்கும்.

விடிந்ததும் பழக்கதோஷம்,
சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.
இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.